காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும்

சங்கிலிமுத்து தன் வாழ்நாளில் நம்பிய ஒரே கருவி அவருடைய வலது புறங்கை. அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் காயப்போடும் மேடைதான் அவர் இடம். வானத்தில் போய் வெடித்துப் பூவாக விரிகிற ரகங்களுக்குள் வைக்கும் கலர் உருண்டைகளைத் தட்டுகளில் பரப்பிக் காலை வெயிலில் வைப்பார்கள். அவை காய்ந்துவிட்டனவா என்று சொல்வது அவர் வேலை. குனிந்து புறங்கையை உருண்டைகளின் மேல் லேசாக வைப்பார். உள்ளங்கையை வைக்க மாட்டார். ஆமத்தூரில் அடுத்தவர் காட்டில் மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய தோலுக்கு ஈரம் தெரியாது என்பார். வைத்த கையை எடுத்து, "எடுங்க" என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் அடுத்த தட்டுக்குப் போவார். போர்மேன் அதற்கு மேல் கேட்பதில்லை.

அந்த வேலையில் இரண்டு தவறுகள் உண்டு. ஈரத்தோடு எடுத்தால் உருண்டை மேலே போய்ப் பூக்காமல் புகைந்து விழும். ஆர்டர் கொடுத்தவன் திட்டுவான், அதோடு முடிந்தது. காய்ந்த பிறகும் வெயிலில் விட்டால் அப்படி முடியாது. காய்ந்த உருண்டை வெயிலை வாங்கிக்கொண்டே இருக்கும். பிறகு தட்டை இழுக்கிற உரசல் ஒன்று போதும், வெடித்துவிடும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் கூட விடக் கூடாது.

அவருடைய மனைவி சின்னத்தாய் அதே ஆலையில் மேடைக்கு எதிர் ஷெட்டில் இருந்தாள். குழாய்களில் வெடிமருந்துச் சரக்கு அடைக்கிற வேலை. தீபாவளிக்கு முந்தைய சீசனில் ஒரு நாள் காரியாபட்டியில் அவர் தங்கை வீட்டில் காதுகுத்து. அண்ணன் சீர் கொண்டுபோகாமல் முடியாது. சின்னத்தாய், "நீங்க போயிட்டு வாங்க, ரெண்டு பேரும் லீவு போட்டா போர்மேன் ஆடிருவாரு" என்று வேலைக்குப் போனாள். மேடையில் அவருக்குப் பதிலாக ஜெயபாண்டி நின்றான். சரக்கு காய்ந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. லாரிக்கு லோடு ஏற்றிவிட்டு வந்து எடுக்கலாம் என்று போனான். வந்து முதல் தட்டை இழுத்தான்.

ஜெயபாண்டியும் போனான், எதிர் ஷெட்டில் சின்னத்தாயும் போனாள். விசாரணையில் உரசல் என்று எழுதினார்கள். சங்கிலிமுத்து அதை மறுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் மகள் எழில்தான் உள்ளே போய் அடையாளம் காட்டினாள். அவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். யார் வந்து கையைப் பிடித்தாலும் ஒன்றையே சொன்னார். "ஜெயபாண்டி நல்ல பயதான். எடுக்க வேண்டிய நேரத்துல எடுக்கலை. அம்புட்டுத்தான்."

சீல் வைத்த ஆலை திறக்கவில்லை. கருமாதி முடிந்ததும் அவர் வேறோர் ஆலைக்குப் போனார். அங்கும் மேடை வேலைதான்.

வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு நாய். செந்நிறம், ஒல்லி, பெட்டை. குட்டியாக ஆலைச் சுவருக்கு வெளியே கிடந்ததைச் சின்னத்தாய் சோற்றுப் பாத்திரம் வைக்கும் வயர்கூடையில் போட்டுத் தூக்கி வந்து செவத்தி என்று பேர் வைத்தாள். அலுமினியப் பவுடர் ஒட்டிய கையோடு யார் கிட்டே போனாலும் செவத்தி தும்மிவிட்டு ஓடிவிடும். அதனால் சின்னத்தாய் வேலைவிட்டு வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். நகக்கண்ணில் வெள்ளி மினுக்கம் போகும்வரை தேய்ப்பாள். அப்புறம்தான் நாய்க்குச் சோறு. "பெத்த மகளுக்குக்கூட இப்படிக் கை கழுவினதில்ல" என்று அவர் கேலி செய்வார். அவள் போன பிறகு அவர் அதே தொட்டியில், அதே மாதிரி, முழங்கை வரை கழுவினார். நாய் வந்து அந்தக் கையில் தின்றது. அதற்காக அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அது இல்லையென்றால் வருவாரா என்பது எழிலுக்குச் சந்தேகமாக இருந்தது.

எழில் மதுரையில் ஒரு லேபில் வேலை பார்த்தாள். நோயாளிகளின் சளி, சீழ், ரத்தம் ஆகியவற்றில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கிற பிரிவு. பட்டாசு வாடையே மகள் மேல் படக் கூடாது என்று சின்னத்தாய் படிக்கவைத்த படிப்பு.

ஒரு சித்திரையில் செவத்தியின் வயிற்றிலும் பின்தொடையிலும் கொப்புளங்கள் கிளம்பின. உடைந்து சீழ் வடிந்தது. ஈ மொய்த்தது. சங்கிலிமுத்து அதைச் சாக்கில் சுற்றி, பக்கத்து வீட்டு ஆட்டோவில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் கற்பகவல்லி முடியை ஒதுக்கிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார்.

"ஐயா, இது வெறும் சொறி இல்ல. கிருமி தோலுக்கு அடியில எறங்கிருச்சு. மாத்திரை தாரேன். சோத்துல வச்சுக் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சீக்கிரமே புண்ணு ஆறின மாதிரித் தெரியும். அப்ப நிறுத்திராதீங்க. நல்லா ஆனதுக்கு அப்புறமும் ரெண்டு வாரம் குடுக்கணும்."

"சரிங்கம்மா."

"மறந்துராதீங்க."

"மறக்க மாட்டேன்மா. இது எங்க வீட்டம்மா வளத்தது."

அவர் மறக்கவில்லை. மாத்திரையைக் கருவாட்டுத் துண்டுக்குள் பொதிந்து கொடுத்தார். செவத்தி கருவாட்டைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பும். அவர் அதை எடுத்துக் கழுவி மறுபடி பொதிவார். ஆலையில் மத்தியானச் சாப்பாட்டின்போது தன் பாத்திரத்திலிருந்து மீனை ஒதுக்கி இலையில் கட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற சொர்ணலட்சுமி அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணே, மீனைத் தனியாக் கட்டுறீக? வீட்டுல ஆளு காத்திருக்கோ?"

"ஆமா. நாலு காலோட."

"எங்க வீட்டுல இருக்கதுக்கு ரெண்டு காலுதான். ஒரு வேலைக்கும் அசையாது. மாத்திக்கிருவமா?"

"உன் வீட்டுக்காரரு கருவாடு குடுத்தா மாத்திரை முழுங்குவாரா?"

"கருவாடு எதுக்கு? குவாட்டரு குடுத்தா எதையும் முழுங்கும்."

சின்னத்தாய் போன பிறகு அவர் சிரித்து மற்றவர்கள் பார்த்த சில நாட்களில் அது ஒன்று.

எழில் போனில் கேட்டாள். "மாத்திரை குடுக்குறீகளாப்பா?"

"குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி. நல்லாக் கேக்குது."

உண்மைதான். சில நாட்களில் சீழ் நின்றது. புண்ணின் மேல் பொருக்குக் கட்டியது. பொருக்கு உதிர்ந்து அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. ஒரு காலை, வேலைக்குக் கிளம்புமுன், அவர் குனிந்து செவத்தியின் தொடையில் புறங்கையை வைத்தார். ஈரம் இல்லை. சூடு இல்லை. இன்னொரு தரம் வைத்தார். காய்ந்திருந்தது.

இடது கையில் அன்றைய மாத்திரை இருந்தது. டாக்டரம்மா சொன்னது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் அந்த அம்மா மேடையில் நின்றதில்லை. காய்ந்ததற்கு மேல் ஒரு நிமிஷம் விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை காரமான மாத்திரை, இத்தனை ஒல்லி உடம்பு. வேலை முடிந்த பிறகும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அந்தச் சூடு எங்கே போகும்? அவர் மாத்திரையை அட்டையிலேயே திரும்பச் செருகினார். அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஈரம் படாத இடமாகப் பார்த்து, சுவரில் ஆணியில் மாட்டினார். செவத்தியின் தலையைத் தடவி, "எடுத்துட்டேன்டி" என்றார்.

ஆடியில் மறுபடி வந்தது. இந்தத் தடவை டாக்டரிடம் போகவில்லை. ஆணியில் மாட்டிய பையை எடுத்தார். மிச்சத்திலிருந்து சிலதைக் கொடுத்தார். கொஞ்சம் அடங்கியது போலிருந்து, மறுபடி வடிந்தது. ஊர் முக்கில் இருந்த மெடிக்கலுக்குப் போனார்.

"என்ன மாமா, நாய்க்கா?" என்றான் கடை முனியராஜ்.

"ஆமாலே. போன தடவ இதே மாத்திரைக்குக் கேட்டுச்சு. இப்பக் கேக்க மாட்டேங்குது."

"அப்ப அதுக்குப் பவரு பத்தலை. இதைப் போடுங்க. மனுசருக்கே ரெண்டு நாள்ல கேக்குது."

"டாக்டரு சீட்டு இல்லையே."

"நம்ம ஆளுக்கு என்ன சீட்டு? குணமாச்சுன்னா சொல்லுங்க, இல்லைன்னா இதைவிடப் பவரா ஒண்ணு இருக்கு."

கேட்டது. காய்ந்தது. புறங்கையை வைத்தார், நிறுத்தினார். பையில் இரண்டாவது அட்டையும் சேர்ந்தது.

கார்த்திகை மழைக்குப் பிறகு செவத்தியின் பின்னங்கால் ஒன்று வீங்கித் தடித்தது. தொடையில் சிறு ஓட்டைகள் விழுந்து ஒவ்வொன்றிலிருந்தும் கெட்ட நீர் கசிந்தது. நாய் சோற்றை மோந்து பார்த்துவிட்டு, வெயில் விழுகிற இடமாக நகர்ந்து போய்ப் படுத்துக்கொண்டது. அவர் கை கழுவிவிட்டு வந்து நீட்டினால் நக்கும், தின்னாது. சங்கிலிமுத்து வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மகளுக்குப் போன் செய்தார். அவராகப் போன் செய்வது அபூர்வம்.

"தாயி, வந்துட்டுப் போறியா? செவத்தி சரியில்லை."

எழில் விருதுநகரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து வந்தாள். நாயின் காலைப் பார்த்தாள். ஓட்டைகளில் ஒன்றை மெல்ல அமுக்கினாள். நாய் கத்தவில்லை. அது அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது.

"என்னென்ன குடுத்தீகப்பா?"

"ரெண்டு தினுசு. இரு, காட்டுறேன்."

அவர் உள்ளே போய் ஆணியிலிருந்து பையை எடுத்து வந்தார். சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரித்தார். நடையில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது. மகள் வந்துவிட்டாள், கையில் இருப்பும் இருக்கிறது.

"மிச்சமெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன். ஒண்ணுகூட ஈரம் படலை பாரு. எது வேணுமோ எடுத்துக்கோ."

எழில் அட்டைகளை மடியில் பரப்பினாள். பாதிக்கு மேல் பிரிக்காமல் இருந்தது.

"இம்புட்டும் மிச்சமாப்பா?"

"ஆமா. வீணாக்குறதே இல்லை. காய்ஞ்ச ஒடனே நிறுத்திருவேன்."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? தொட்டுப் பாத்தேன்ல."

அவள் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "மேல காய்ஞ்சிருந்தாலும் உள்ள கிருமி இருக்கும்ப்பா. மாத்திரைக்கு மொதல்ல சாகுறது லேசான கிருமி. தாங்குற கிருமிதான் கடைசி வரை கிடக்கும். பாதியில நிறுத்தினா அது மட்டும் மிஞ்சும். அப்புறம் பெருகுறதெல்லாம் அதோட குட்டிதான். அடுத்த தடவ அந்த மாத்திரைக்கு ஒண்ணும் சாகாது."

"காய்ஞ்சதுக்கு மேலயும் குடுத்துக்கிட்டே இருந்தா உடம்புல சூடு ஏறாதா?"

"ஏறாதுப்பா."

"இல்ல, வெயில்ல விட்ட மாதிரி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் கற்பகவல்லி ஓட்டையின் ஆழத்திலிருந்து சீழை எடுத்துக் கொடுத்தார். எழில் அதை ஐஸ் டப்பாவில் வைத்து மதுரைக்குக் கொண்டுபோய், மேலாளரிடம் கேட்டுத் தானே அதிலிருந்த கிருமியை வளர்த்தாள். ரத்தமும் சோதித்தார்கள். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது அவள் போனில் ஒரு படம் இருந்தது. வட்டமான கண்ணாடித் தட்டு. அதில் பாலாடை போல ஒரு படலம். படலத்தின் மேல் சின்னச் சின்ன வெள்ளை வில்லைகள்.

சங்கிலிமுத்து படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். தட்டில் பரப்பியிருக்கிற எதையும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"வில்லை ஒவ்வொண்ணுலயும் ஒரு மருந்து இருக்குப்பா. அந்த மருந்துக்குக் கிருமி சாகுதுன்னா, சுத்தி மொளைக்காம மொட்டையா இருக்கும்."

"எல்லாத்தையும் ஒட்டி மொளைச்சிருக்கே."

"ஆமா."

"இதுல நான் குடுத்தது எது?"

அவள் தொட்டுக் காட்டினாள். இரண்டு வில்லைகள். இரண்டின் விளிம்புவரை பாலாடை ஏறியிருந்தது.

"இந்த ஓரத்துல ஒண்ணு வெறிச்சுன்னு இருக்கே."

"அது ஊசிப்பா. அதுக்குக் கிருமி சாகும். ஆனா கிட்னியைக் கெடுக்கும். செவத்திக்கு ரத்தத்துல இப்பவே கிட்னி அளவு சரியில்லை."

"ஊசி போடலைன்னா?"

"கிருமி ரத்தத்துக்குப் போயிரும்."

"போட்டுருவோம்" என்றார்.

டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். எப்படிப் போனாலும் பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றி, அளவு பார்த்து ஊசி போட்டார். சங்கிலிமுத்து தினமும் செவத்தியைச் சாக்கில் சுற்றித் தூக்கிப் போனார். டாக்டர் பேசும்போது அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, "நடுவுல நிறுத்திராதீங்கம்மா" என்றார்.

காலில் வீக்கம் வடிந்தது. ஓட்டைகளில் கசிவு குறைந்து, நின்றது. ஒரு காலை அவரையறியாமல் புறங்கை தொடைக்குப் போனது. காய்ந்திருந்தது. சுத்தமாகக் காய்ந்திருந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. அன்றும் தூக்கிக்கொண்டு போய் ஊசி போடவைத்தார். மறுநாளும் போனார்.

அன்றைய ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் ஊசியை நிறுத்தினார். "புண்ணு கேட்டிருச்சு ஐயா. கிட்னி கேக்கலை" என்றார். செவத்தி அதற்குள் மூத்திரம் போவதை நிறுத்தியிருந்தது. வாயில் நாற்றம் வந்தது. வீட்டு வாசலில் வெயிலில் கிடந்தது. அவர் தொட்டியில் முழங்கை வரை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். நாய் மூக்கை அந்தக் கையில் வைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. எழில் வந்து வயிற்றில் விரலை வைத்துப் பார்த்து, "போயிருச்சுப்பா" என்றாள். அதற்குப் பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் அவரே குழி வெட்டினார். மகள் மண்ணைத் தள்ளினாள். முடிந்ததும் இருவரும் தொட்டியில் கால் கழுவினார்கள். அப்போதுதான் கேட்டார்.

"மொதல் தடவையே முழுசாக் குடுத்திருந்தா?"

பொய் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. முப்பது வருஷம் அந்தப் புறங்கையை நம்பி ஷெட்டுகளில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவரிடம் அளவைக் கூட்டிக் குறைத்துச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"பொழைச்சிருக்கும்ப்பா."

"கடைசியில காய்ஞ்சதுக்கு அப்புறமும் ஊசி போடச் சொன்னனே. அது?"

"அதும் ஒரு காரணம்தான்."

அவர் தலையாட்டினார். "அம்புட்டுத்தான்" என்று சொல்வார் என எதிர்பார்த்தாள். சொல்லவில்லை.

தை பிறந்ததும் வேலைக்குப் போனார். அது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு போகவில்லை. அடுத்த வருஷம் மாசிக்குள் இறந்துபோனார். டாக்டர்கள் இதயம் என்றார்கள். இடைப்பட்ட ஒரு வருஷத்தைப் பற்றிச் சொல்ல எழிலிடம் ஒன்றும் இல்லை. போனில் பேசும்போதெல்லாம், சாப்பிட்டீகளா என்று கேட்டாள், சாப்பிட்டேன் என்றார்.

அந்த ஒரு நாளைப் பற்றி அவளுக்குச் சொன்னது சொர்ணலட்சுமிதான்.

அன்று நல்ல வெயில். மேடை முழுக்கப் பச்சை உருண்டைத் தட்டுகள். போர்மேன் தங்கச்சாமி தட்டு எடுக்க ஆட்களை வரிசையாக நிறுத்திவிட்டு, "அண்ணே, பாருங்க" என்றார். சங்கிலிமுத்து குனிந்து புறங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அடுத்த தட்டுக்குப் போகவில்லை. "எடுங்க" என்றும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப அதே தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கலாமாண்ணே?"

சங்கிலிமுத்துவின் கை மறுபடி தட்டுக்குப் போனது.

"அண்ணே, வெயில் ஏறுது. காய்ஞ்சிருச்சா, இல்லையா?"

எதிர் ஷெட்டில் பெண்கள் குழாய் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலேப்பா" என்றார். "வேற ஆள வச்சுப் பாத்துக்கோ. சீக்கிரம் பாரு."

தங்கச்சாமி ஓடிவந்து தானே தொட்டுப் பார்த்து, ஆட்களை ஏவித் தட்டுகளை ஒவ்வொன்றாக நிழலுக்கு எடுக்கவைத்தார். கடைசித் தட்டு போகும்வரை சங்கிலிமுத்து மேடை ஓரத்திலேயே நின்றார். பிறகு இறங்கிக் குழாயடிக்குப் போனார். சோப்பை எடுத்து முழங்கை வரை தேய்த்தார். நகக்கண்ணில் விரல்விட்டுத் தேய்த்தார். தண்ணீருக்காகப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். கை சுத்தமான பிறகும் அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.